ராஜா சாகக் கூடாது

ராஜாவைக் கொன்றாக வேண்டிய இடத்துக்கு வந்தபோதுதான் வழிகாட்டி அந்தப் பலகையைப் பார்த்தார்.

அவர் சொல்லிக்கொண்டிருந்தது சாக்லேட்டின் வரலாறு. அதில் ராஜா அதிக நேரம் உயிரோடு இருக்க மாட்டார். கொக்கோக் கொட்டையை வறுத்து, அரைத்து, மிளகாய் போட்டு, நுரை பொங்க ஆற்றிக் குடிப்பார். குடித்து வாயைத் துடைப்பதற்குள் கடல் கடந்து ஆட்கள் வந்து இறங்கிவிடுவார்கள். ராஜா போய்ச் சேருவார், கொக்கோ கப்பலேறும், ஐரோப்பாவில் கரையிறங்கும், அங்கே யாரோ ஒரு புண்ணியவான் அதில் சர்க்கரையைப் போடுவான். அருங்காட்சியகத்துக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிச் சொல்லி, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ராஜாவைச் சரியான இடத்தில் சாகடிக்கக்கூடியவர் வழிகாட்டி.

சுவர் ஆணியில் கட்டாகத் தொங்கிய படத்தாள்களில் ராஜாவைப் புரட்டிவிட்டுக் கப்பலை மேலே கொண்டுவந்தார். கட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அதற்குப் பின்னால் ஏற்கெனவே ஒரு பலகை இருந்தது. 'சர்க்கரை நோயாளிகள்' என்ற இரண்டு சொற்கள் எட்டிப் பார்த்தன.

வழிகாட்டி தாள்கட்டை ஒரு விரலால் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். 'நலச் சங்கம்' என்றது மீதி.

மெல்லத் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். இத்தனை நேரம் சாக்லேட் ரசிகர் மன்றத்து உறுப்பினர்களாகத் தெரிந்தவர்கள் கண்ணெதிரே நோயாளிகளாக மாறினார்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஏன் ஒரு தண்ணீர் பாட்டில், எல்லார் காலிலும் ஏன் அதே மெத்தென்ற செருப்பு என்பதெல்லாம் இப்போது விளங்கியது. வரவேற்புரையில் தலைவியம்மா பேசியதும் விளங்கியது. "இங்க வர்ற எல்லாரும் காலை எப்படிக் கழுவணும்னுதான் சொல்லிட்டுப் போறாங்க. ரொம்ப நாளைக்கு அப்புறம் இன்னைக்குத்தான் வாய்க்கு ஒருத்தர் வந்திருக்கார்" என்று அவர் சொன்னபோது, வழிகாட்டி அதை ஏதோ இலக்கிய நயம் என்று நினைத்துக் கைதட்டியிருந்தார்.

தவறு எங்கே நடந்தது என்று யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. மாடிக்கு மாடி வாடகைக் கூடங்கள் உள்ள கட்டடம் அது. வழியில் ஒரு மாடியில் லிஃப்ட் கதவு திறந்ததும் பெரிய கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் நின்றிருந்தார். இவர் கையிலிருந்த பெட்டிகளைப் பார்த்து, "சாக்லேட் பத்திப் பேச வந்தவரா? வாங்க தம்பி" என்று முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அவர்தான் தலைவியம்மா. முழங்கையைப் பிடித்த ஒருவரிடம் நீங்கள் எந்தச் சங்கம் என்று கேட்பது வழிகாட்டிக்கு மரியாதையாகப் படவில்லை.

மற்றபடி அவர் கெட்டிக்காரர்தான். ஆனால் யாரிடமும் முகத்துக்கு நேரே 'இல்லை', 'முடியாது' என்று சொல்ல வராது. அதனாலேயே அருங்காட்சியகத்தில் வருஷக்கணக்கில் தற்காலிக ஊழியராக இருந்தார். புதிதாக வந்த இயக்குநர் மேடம்தான், வெளியே போய் ரசிகர் மன்றத்தில் பேசுங்கள், அவர்கள் நல்லபடியாக ஒரு வார்த்தை சொன்னால் வேலையை நிரந்தரமாக்க நான் பேசுகிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். ருசி காட்டச் சாமான்களும் கொடுத்திருந்தார்.

அந்தச் சாமான்கள் மேஜையில் வரலாற்று வரிசைப்படி நின்றன. முதலில் ராஜாவின் கசப்புப் பானம் இருந்த பெரிய பிளாஸ்க். அடுத்து, சர்க்கரையும் பட்டையும் போட்ட அரண்மனைச் சீமாட்டிகளின் சூடான பானம், சின்ன பிளாஸ்கில். பிறகு முதல் சாக்லேட் கட்டி பிறந்த காலத்தைக் காட்ட ஒரு தகர டப்பா நிறைய கட்டிகள். கடைசியாக, ரிப்பன் கட்டிய பெட்டியில் பால் சாக்லேட்.

நல்ல வேளையாக இதுவரை வழங்கப்பட்டிருந்தது ராஜாவின் பானம் மட்டுமே. அது வழிகாட்டியின் வீட்டில் தயாரானது. இரண்டு நாளாக மிக்ஸியில் கொட்டையை அரைத்து மிக்ஸி புகைந்தது. பழுது பார்க்க வந்த மைத்துனர், ஏதோ ரசம் என்று நினைத்து ஒரு டம்ளர் குடித்துவிட்டு, சாயங்காலம் வரை அக்காவிடம் பேசவில்லை. இதைக் குடித்துவிட்டு உங்கள் ராஜா நாட்டையும் எப்படி ஆண்டார் என்று வழிகாட்டியின் மனைவி கேட்டிருந்தாள். அதில் ஒரு துளி சர்க்கரை கிடையாது. அதாவது ராஜா உயிரோடு இருக்கும்வரை இந்தக் கூட்டத்துக்கு ஆபத்தில்லை.

கப்பல் படத்தை மூடி, வழிகாட்டி மறுபடியும் ராஜாவை மேலே கொண்டுவந்தார்.

முன்வரிசையில் கைத்தடியோடு உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்தார். "ராஜா கதை முடியலையா?"

"இன்னும் கொஞ்சம் இருக்கு சார்."

"அவரு செத்துப்போவாருன்னு கேள்விப்பட்டேனே."

"உடனே சாகலை. நல்ல திடகாத்திரமான மனுஷர்."

வழிகாட்டி ராஜாவை எழுப்பி உட்கார வைத்து இன்னொரு கோப்பை ஊற்றிக் கொடுத்தார். கூட்டத்துக்கும் இன்னொரு சுற்று போனது. ராஜாவின் காலைப் பழக்கங்களைச் சொன்னார். மாலைப் பழக்கங்களைச் சொன்னார். அந்த நாட்டில் கொக்கோக் கொட்டையே காசாகப் புழங்கியதை விவரித்தார். மூன்றாவது சுற்று ஊற்றும்போது பின்வரிசைகளில் கோப்பைகள் நாற்காலிக்கு அடியில் போக ஆரம்பித்தன.

கூட்டம் நெளிவதைப் பார்த்ததும், ஏதாவது வேடிக்கை காட்ட வேண்டும் என்று தோன்றியது. அந்தக் காலத்தில் பானத்தை உயரத்திலிருந்து ஊற்றித்தான் நுரை வரவழைப்பார்கள். வழிகாட்டி நாற்காலி மேல் ஏறி நின்று, தலைக்கு மேலிருந்து கீழே இருந்த பாத்திரத்தில் ஊற்றினார். பாதி பாத்திரத்தில் விழுந்தது. மீதி, பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டிருந்த சங்கச் செயலாளரின் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. அவர் மிளகாய் பட்ட கண்ணைக் கசக்கிக்கொண்டே பரவாயில்லை என்றார்.

தலைவியம்மா பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தார். "இப்படி ஊத்தினா நுரை நிக்காது தம்பி. நல்லாக் குளிரட்டும். அடிக்கிற கையும் ஒரே பக்கமா சுத்தணும். அப்பத்தான் காத்து உள்ள போய் உக்காரும்."

நாவில் வைக்க முடியாதவர்கள்தான் எவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறார்கள் என்று வழிகாட்டி இரக்கப்பட்டார். இவர்களை எப்படியும் காப்பாற்றியே தீருவது என்று அப்போதுதான் முடிவு செய்தார்.

முடிவு செய்து திரும்புவதற்குள் செயலாளர் துண்டால் முகத்தைத் துடைத்தபடி, கப்பலை எப்போது விடப்போகிறீர்கள் என்று கேட்டுவிட்டார். கூட்டம் மொத்தமும் அதே கேள்வியை முகத்தில் வைத்திருந்தது. வேறு வழியில்லை. வழிகாட்டி கப்பலை விட்டார்.

விட்ட கையோடு புயலைக் கிளப்பினார். வரலாற்றில் அந்த இடத்தில் அப்படியொரு புயல் கிடையாது. பாய்மரம் முறிந்தது. மாலுமிகளுக்கு வயிற்றுக் கடுப்பு வந்தது. சுக்கான் கழன்றது. கப்பல் அதே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்ததைத் தாளில் வரைந்தும் காட்டினார். கடைசியில் மனதைக் கல்லாக்கிக்கொண்டு கப்பலை மூழ்கடித்தார்.

"அந்த நாட்டுல இருந்தது ஒரே ஒரு கப்பல்தானா?" என்று கைத்தடிக்காரர் கேட்டார்.

முகத்துக்கு நேரே மறுக்க வராததால் வழிகாட்டி, நிறைய கப்பல்கள் இருந்தன என்று ஒப்புக்கொண்டார். அடுத்த கப்பல் எந்தச் சேதமும் இல்லாமல் ஐரோப்பா போய்ச் சேர்ந்தது. எல்லாரும் நாற்காலியை ஓர் அங்குலம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

சர்க்கரை விழுந்தே விட்டது. வழிகாட்டி அதைச் சொல்லிக்கொண்டே சின்ன பிளாஸ்கைக் காலால் மேஜைக்கு அடியில் தள்ளினார். பொருளாளர் குனிந்து எடுத்து, தூசி தட்டி, மறந்துவிட்டீர்கள் என்று கையில் கொடுத்தார். இது கெட்டுப்போயிருக்கும் என்றார் வழிகாட்டி. பொருளாளர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து, அருமையாக இருக்கிறது, பட்டையை வறுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்றார்.

"இதுல ஒரு சம்பிரதாயம் இருக்கு சார்" என்று வழிகாட்டி அவசரமாகச் சொன்னார். "அரண்மனையில எதையும் முதல்ல ஒரு ஆள் குடிச்சுப் பார்ப்பான். விஷம் கிஷம் இருந்தா அவனோட போயிடும். அந்த மாதிரி நான் முதல்ல குடிச்சிடறேன்."

ஒரு வாய் குடித்தார். விஷம் மெதுவாக ஏறும் வகை என்றால் ஒரு வாயில் தெரியாது என்று இன்னொரு வாய் குடித்தார். அடியில் தங்கும் வகையும் உண்டு என்று சொல்லி அடிவரை குடித்தார். பிளாஸ்கைக் கவிழ்த்துக் காட்டி, விஷம் இல்லை என்று அறிவித்தார்.

யாரும் கோபப்படவில்லை. தலைவியம்மா மட்டும் அவர் பக்கம் ஒரு தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார்.

அடுத்தது கட்டி. கொக்கோவை இயந்திரத்தில் அழுத்திக் கொழுப்பைத் தனியாகப் பிரித்தார்கள், அதே கொழுப்பைப் பிறகு கூட்டிக் கலந்தபோது, குடித்துக்கொண்டிருந்த பொருள் கடிக்கிற பொருளாயிற்று என்று வழிகாட்டி விளக்கிக்கொண்டிருக்கும்போதே தகர டப்பா வரிசைக்கு இறங்கிவிட்டது. அவர் ஓடிப்போய், இவை கண்ணால் பார்ப்பதற்கு மட்டும் என்று ஒவ்வொரு கையிலிருந்தும் கட்டிகளைத் திரும்ப வாங்கினார். டப்பா எங்கேயோ கடைசி வரிசையில் இருந்ததால் சட்டைப்பையிலும் கால்சட்டைப் பையிலும் போட்டுக்கொண்டார். கட்டி கடிபடாமல் கரைய ஆரம்பித்தது. நெஞ்சில் பழுப்பாக ஒரு வட்டம் படர்ந்தது. செயலாளர் அதைப் பார்த்து, வெளியே எடுத்துவிடுங்கள், வீணாகிறது என்று பரிதாபமாகச் சொன்னார். அவர் கை நீள்வதற்குள் வழிகாட்டி படத்தாள்களுக்குப் பின்னால் போய், தாளுக்கு வெளியே கால் மட்டும் தெரிய நின்று, பைகளில் இருந்ததை எல்லாம் வாயில் போட்டு விழுங்கினார்.

திரும்பி வந்தபோது தலைவியம்மாவின் கை ரிப்பன் மேல் இருந்தது.

"அது மெழுகும்மா. காட்சிக்கு வைக்கச் செஞ்சது" என்றார் வழிகாட்டி. வாய் ஒட்டிக்கொண்டதால் பாதிதான் வெளியே வந்தது.

"மெழுகா? அப்ப எரியணுமே" என்றார் பொருளாளர். அவர் எதையும் சோதித்துப் பார்த்துவிடும் ரகம் போலிருக்கிறது. யாரிடமோ தீப்பெட்டி வாங்கி, ஒரு சாக்லேட்டைத் தட்டில் நிறுத்தி, தலையில் நெருப்பு வைத்தார். அது எரியவில்லை. உருகிக் குழைந்து தட்டில் சாய்ந்தது. பாலும் வெண்ணெயும் கலந்த வாசனை கூடம் முழுக்கப் போய், மின்விசிறிக் காற்றில் ஒரு சுற்று சுற்றித் திரும்ப வந்தது. கைத்தடிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். பின்வரிசையில் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

பிறகு ஒவ்வொருவராக எழுந்து மேஜையை நோக்கி வந்தார்கள். மெத்தென்ற செருப்புகளில் சத்தமே இல்லை. வழிகாட்டி பெட்டியைப் பறித்து மார்போடு அணைத்துக்கொண்டு, மறுபடியும் படத்தாள்களுக்குப் பின்னால் பாய்ந்தார். காலம் கடந்த சரக்கு, கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும், நாளைக்கு வேறு கொண்டுவருகிறேன் என்று உள்ளேயிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒவ்வொரு பொய்க்கும் நடுவில் இரண்டு சாக்லேட்டுகள் உள்ளே போயின. கூட்டம் அந்தப் பக்கம் பொறுமையாக நின்றது. யாரும் தாளை விலக்கவில்லை.

கடைசிச் சாக்லேட் தொண்டையில் இருக்கும்போது போன் அடித்தது.

இயக்குநர் மேடம். குரல் கண்ணாடித் துண்டு போல இருந்தது. "எங்க இருக்கீங்க? மேல் மாடியில மன்றத்துக்காரங்க ஒரு மணி நேரமா வெறும் மேஜையைப் பார்த்துட்டு உக்காந்திருக்காங்களாம். உடனே போய் ஏதாவது குடுத்து சமாளிங்க."

"சரிங்க மேடம்" என்றார் வழிகாட்டி. காலிப் பெட்டியைப் பார்த்தார். காலி டப்பா, காலி பிளாஸ்க். ராஜாவின் பானம் மட்டும் கால்வாசி மிச்சம் இருந்தது. அப்புறம் தலைவியம்மா இரண்டாகத் தெரிந்தார். இரண்டு பேரும் ஏதோ கேட்டார்கள். அவருக்குக் காதில் கப்பல் சங்குதான் கேட்டது.

கண் விழித்தபோது மூன்று நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். சுற்றிலும் சங்கம் முழுவதும் நின்றது. ஒவ்வொருவர் கையிலும் சர்க்கரை பார்க்கும் கருவி. விரலில் யாரோ ஏற்கெனவே குத்தி முடித்திருந்தார்கள். முதல் கருவியை நம்பாமல் இரண்டாவதில் பார்த்தார்கள். அதையும் நம்பாமல் மூன்றாவதில் பார்த்தார்கள். கருவி கைமாறிக் கைமாறிப் பொருளாளரிடம் வந்ததும், அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மரியாதையாக ஒரு முறை வழிகாட்டியைப் பார்த்தார்.

தாகம் அதிகமாக எடுக்கிறதா என்று தலைவியம்மா கேட்டார். வழிகாட்டி யோசித்தார். சில மாதமாகக் குடம் குடமாகக் குடிப்பதாக மனைவி சொல்வதைச் சொன்னார். ராத்திரி அடிக்கடி எழுந்து போகிறீர்களா என்றதற்கு, அதனால்தான் கழிவறைப் பக்க அறைக்குக் கட்டிலை மாற்றியதாகச் சொன்னார். காயம் ஆறுவதற்கு நாளாகிறதா என்றதற்குக் காலை எடுத்துக் காட்டினார். எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். நாளைக்கே டாக்டரிடம் போக வேண்டும், இன்று ஒரு நாள் சாக்லேட் சாப்பிட்டதால் வந்த கணக்கு இல்லை இது, ரொம்ப நாளாகவே உள்ளே உட்கார்ந்திருக்கிறது என்று செயலாளர் நிதானமாகச் சொன்னார்.

அப்போது வழிகாட்டியால் அடக்க முடியவில்லை. நான் உங்கள் கூட்டத்துக்கு வரவேண்டியவனே இல்லை, மாடி மாறி வந்துவிட்டேன், உங்களுக்கு இனிப்பு கொடுத்துவிடக் கூடாதே என்றுதான் ராஜாவைச் சாகவிடாமல் இழுத்தேன், கப்பலை மூழ்கடித்தேன், கடைசியில் நானே எல்லாவற்றையும் தின்றேன் என்று உடைந்துபோய்ச் சொன்னார். மேலே போகாததால் வேலையும் போய்விட்டது என்றார்.

யாரும் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. கைத்தடிக்காரர் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். தலைவியம்மா அவர் சட்டைப்பையில் பிசுபிசுத்துக் கிடந்த போனை எடுத்துத் துடைத்து, கடைசியாகப் பேசிய எண்ணுக்கே போட்டார்.

"உங்க ஆளு இங்கதான்மா இருக்கார். சர்க்கரை நோயாளிகள் சங்கத்துல. சாக்லேட்டைப் பத்தி ஒரு மணி நேரம் பேசியும் எங்கள்ல ஒருத்தருக்குக்கூட சர்க்கரை ஏறலை. இப்படி ஒரு பேச்சாளரை எந்த டாக்டராலயும் குடுக்க முடியாது. இவரை விட்டுடாதீங்க."

மறுமுனையில் இயக்குநர் மேடம், ரசிகர் மன்றத்துக்கு வேறொரு நாள் கேட்டுக்கொள்வதாகவும், இந்த மாதிரிப் பேச்சு மருத்துவமனைகளுக்கும் தேவைப்படும் என்றும், வழிகாட்டியை நாளை காலை தன் அறைக்கு வரச் சொல்லும்படியும் சொன்னார். குரலில் கண்ணாடித் துண்டு இல்லை. வழிகாட்டி எழுந்து உட்கார்ந்து முகத்தைக் கழுவிக்கொண்டார். அடுத்த மாதக் கூட்டத்துக்குத் தவறாமல் வர வேண்டும் என்றார்கள். பழக்கத்தில் சரி என்று சொல்லிவிட்டார். இந்த முறை அது பொய்யில்லை.

காலிப் பெட்டிகளையும் மிச்சமிருந்த ராஜாவின் பானத்தையும் தூக்கிக்கொண்டு லிஃப்டில் ஏறினார். இயக்குபவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வழிகாட்டியின் நெஞ்சிலிருந்த பழுப்பு வட்டத்தையும் விரலில் சுற்றியிருந்த பஞ்சையும் பார்த்துவிட்டு, கீழ்த்தளத்துக்கான பொத்தானை அழுத்தினார்.

"எவ்வளவு நல்ல மனுஷங்க" என்றார் வழிகாட்டி, அவரிடமா தனக்குள்ளேயா என்று தெரியாமல். "பாவம், எப்படி இவங்களுக்கு எல்லாம் இந்த நோய் வந்துச்சோ."

லிஃப்ட்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தலைவியம்மா மேல் மாடிக்கு ஐஸ்கிரீம் பத்திப் பேச வந்தவங்க சார், செயலாளர் கேக், பொருளாளர் பிஸ்கட், அந்தச் சங்கத்துல இருக்கற எல்லாருமே உங்களை மாதிரி மாடி மாறி இறங்கினவங்கதான்."